கேமரா முக்காலியை ஏன் தடுக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சுண்ணாம்பு, செங்கல், மரம் எல்லாவற்றையும் பேசிய கட்டுரையாளர், இருப்பதை இருக்கும்போதே படமாகப் பதிந்து வைப்பது பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மதுரை திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது (1866-1872) அதைப் பழுதுபார்த்தார்கள். அதற்கு முன் அது எப்படி இருந்தது என்று நாம் கண்ணால் காண முடிகிறதென்றால், 1858இல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரைக்கு வந்து மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் எடுத்த படங்களே காரணம். அவரை அன்று யாராவது வாசலில் நிறுத்தியிருந்தால்?

நான் இருபது ஆண்டுகளாக யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ஃபிலிம் போட்டு மண்டபங்களையும் சத்திரங்களையும் எடுத்து வருகிறேன். சுருளுக்கு 12 படங்கள்தான். நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. ஃபிலிமைவிட மூன்றரை மடங்கு பெரியது. இரண்டடிக்குப் பெரிதாக்கினாலும் சுதை வேலையில் ஓடும் மயிரிழை விரிசல் தெரியும். கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். அதனால் ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி எடுத்து, சதுரப் படத்தின் அடியில் வரும் வெறுந்தரையை அச்சிடும்போது வெட்டிவிடுவேன்.

இதெல்லாம் முக்காலி இல்லாமல் நடக்காது. இருண்ட மண்டபத்தில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 10 வினாடி காட்டினால், நான் போடும் இல்ஃபோர்டு எஃப்பி4 ஃபிலிமுக்கு 18 வினாடி கொடுக்க வேண்டும். வெளிச்சம் விழும் நேரம் நீள நீள ஃபிலிமின் வேகம் தளர்ந்துகொண்டே போகும். 18 வினாடி அசையாமல் பிடிக்கும் கை எவருக்கும் இல்லை.

ஆனால் சென்ற மாதம் ஒரு பழைய அரண்மனை வாசலில், முக்காலி இருந்தாலே அது வியாபாரப் படப்பிடிப்பு என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு படத்தையும் விற்றதில்லை. உள்ளே வடக்குத் தாழ்வாரத்தின் மேற்கூரைக்குச் சாரம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சாரம் பிரிக்கும்போது அந்தப் பழைய பூச்சு அங்கே இருக்குமா என்று தெரியவில்லை. அன்று காலை எனக்கு அரைமணி நேரம் போதுமாயிருந்தது.

நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் துறையினருக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாதத்தில் ஒரு நாள், பார்வையாளர் வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம், முக்காலியோடு உள்ளே விடுங்கள். கட்டணம் வாங்குங்கள். தரை கீறாதபடி கால்களுக்கு ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். பழுதுபார்க்கும் பணி தொடங்கவிருக்கும் கட்டடங்களுக்கு மட்டும் மாதக் கணக்கு பார்க்காமல் உடனே அனுமதி கொடுங்கள். கேட்டால் நெகட்டிவ்களின் ஒரு பிரதியை அலுவலகத்துக்கே தந்துவிட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை வாசகர் ஒருவர்