உப்பு மெஷினா, கையால் போடும் குளோரினா

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிற பண்டாரவளை வீட்டு நீச்சல் பூலுக்கு உப்பு மெஷின் பொருத்துவதா, ஆள் வைத்துக் கையால் குளோரின் போடுவதா என்று கேட்டிருக்கிறாய். கையால் போடுங்கள் என்பதுதான் என் பேச்சு. போனில் சொன்னால் மாப்பிள்ளை நடுவில் "மாமா, இங்கே மெல்பேர்னில்..." என்று ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டு.

உப்பு மெஷின் போட்டால் தண்ணீரில் குளோரின் இருக்காது என்று அவர் சொன்னாராம். அந்த மெஷின் செய்வதே குளோரின்தான். லீற்றருக்கு 3 கிராம், மூன்றரை கிராம் உப்பு கலந்த தண்ணீர், ஃபில்டரைத் தாண்டி ஒரு குழாய்க்குள் போகும். கடல் தண்ணீரில் 35 கிராம் அளவு இருக்கும், அதனால் இது வாயில் பட்டால் இலேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். குழாய்க்குள்ளே ருத்தேனியம் பூசிய டைட்டேனியத் தகடுகள். கரண்ட் பாயும்போது உப்பு பிரிந்து குளோரின் உண்டாகும், அது தன் வேலையை முடித்ததும் மறுபடி உப்பாகிவிடும். நாங்கள் வாளியில் கரைத்து ஊற்றுவதும் அதே சரக்குதான். கண் எரிவது, மூக்கில் அடிக்கும் அந்த வாடை எல்லாம் பெரும்பாலும் குளோரின் போதாமல் வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து கெட்டுப்போவதால் வருவது. கவனிக்காமல் விட்டால் உப்புப் பூலிலும் கண் எரியும்.

மெஷினில் உண்மையாகவே ஒரு நல்ல குணம் உண்டு. பம்ப் ஓடும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரின் விட்டுக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத வீட்டுக்கு அது பெரிய உபகாரம். மெல்பேர்னில் உங்கள் தெருவில் எல்லோரும் அதைப் போட்டிருப்பதில் ஆச்சரியமில்லை. தகடு தேய்ந்தால் கடைக்காரன் மறுநாளே புதிதாகக் கொண்டுவந்து மாட்டுவான். இங்கே 3 முதல் 7 வருஷத்துக்குள் அந்தத் தகட்டுக் குழாயை மாற்ற வேண்டி வரும்போது கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், இருப்பில் இல்லையென்றால் அடுத்த ஷிப்மென்ட் வரும்வரை பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கரண்ட் விஷயம் உனக்கே தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னாரே! குரங்கைக்கூட மன்னிக்கலாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இறங்கும்போது மெஷின்களின் எலக்ட்ரோனிக் போர்டு கருகுவதைத் தோட்டத்துப் பெக்டரியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பம்ப் மோட்டார் எரிந்தால் இங்கேயே கட்டித் தருவார்கள். மெஷின் போர்டைத் தொட இங்கே ஆளில்லை.

இனி தண்ணீருக்கு வருகிறேன், எனக்கு முக்கியம் இதுதான். உன் வீட்டுக்கு வருவது மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினால் எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுப்புப் போகாதே, அந்தத் தண்ணீர். அதில் சுண்ணாம்பே கிடையாது. சுண்ணாம்பில்லாத தண்ணீர் சிமெந்துப் பூச்சிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும், நாளடைவில் சுவர் சொரசொரப்பாகிப் பிள்ளைகளின் முழங்கால் உரசும். உப்பு மெஷின் ஓட ஓடத் தண்ணீரின் பிஎச், அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, ஏறும். அதை இறக்க அமிலம் ஊற்ற வேண்டும். அமிலம் தண்ணீரில் இருக்கிற கொஞ்சநஞ்சக் காரத்தையும் தின்றுவிடும், பிறகு அப்பச்சோடா வாங்கிப் போட வேண்டும். கல்சியம் கலந்த தூள் குளோரின் என்றால் கிருமியைக் கொல்லும்போதே கொஞ்சம் சுண்ணாம்பையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் போகும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு இதே தூளைப் போடச் சொல்ல மாட்டேன், அங்கே ஏற்கெனவே சுண்ணாம்பு மிதமிஞ்சி இருக்கிறது. உப்பு மெஷின் தகட்டிலும் அங்கே படிந்துவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, அதை மெஷின் பக்கமே எழுதிக்கொள்.

குளிரும் ஒன்று. தண்ணீர் 15 பாகைக்குக் கீழே போனால் பல மெஷின்கள் குளோரின் செய்வதைக் குறைத்துவிடும், அல்லது நிறுத்திவிடும். பண்டாரவளையில் அந்தளவுக்குப் போவது அபூர்வம்தான். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் கரண்ட் குறைவாகப் பாய்வதால் மெஷின் உப்பு போதாது என்று பொய் சொல்லும். நுவரெலியாப் பக்கம் ஒரு பங்களாவில் மார்கழி முழுக்க அந்தச் சிவப்பு விளக்கை நம்பி மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டியிருக்கிறார்கள். வெயில் வந்ததும் உப்பு கூடிப்போச்சு என்று மெஷின் நின்றுவிட்டதாம்.

கொட்டிய உப்பை வெளியே எடுக்க வழியில்லை, தண்ணீரைத்தான் இறைக்க வேண்டும். உன் பூல் 45,000 லீற்றர், அதற்கே ஏறக்குறைய 140 கிலோ உப்பு போகும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை கொட்டி வழிந்தோடும்போது அதில் ஒரு பங்கு கீழே இறங்கும். கீழே யார் காணி? போஞ்சியும் கரட்டும் போட்டிருக்கிற அந்த ஐயாவுடையது. இரண்டுமே உப்பைத் தாங்காத பயிர். வேலிச் சண்டையோடு வெளிநாட்டுக்காரருக்கு ரூம் கொடுக்க முடியாது. இதோடு 2025இல் மழையால் உப்பளங்கள் கெட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினார்கள் என்பதையும் சேர்த்து யோசி.

கையால் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உன் பூலில் குளோரினை லீற்றருக்கு 1 மில்லிகிராம் ஏற்ற 65 சதவீதத் தூளில் 70 கிராம் போதும். 1க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும், பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில். மலையில் குளிர் என்று பார்க்காதே, நடுப்பகல் வெயில் குளோரினைச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் பொழுது சாயும்போது போட வேண்டும். வெயிலைத் தாங்க சயனூரிக் அமிலம் ஆரம்பத்தில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ போட்டுவைக்க வேண்டும். அது சுலபத்தில் கரையாது, பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் வந்து விழுகிற வாயில் தொங்கவிட்டால் தானாகக் கரையும்.

சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டால் ரோஸ் நிறம் வரும், நிறம் கூடினால் குளோரின் கூட. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குளோரின் அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். ஒரு கணம் சிவந்து சட்டென்று தெளிந்தால் குளோரின் இல்லை என்று நினைத்து மேலும் போடக்கூடாது. புதிதாக எடுத்த பூல் தண்ணீரில் பாதிக்குப் பாதி குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைக் கலந்து திரும்பப் பார்க்க வேண்டும். வைக்கப்போகிற ஆளுக்கு இதை நானே பக்கத்தில் நின்று காட்டுவேன்.

அந்த ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "ஒரு பையனைப் போட்டுக்கொள்ளலாம் அப்பா" என்று இலேசாக எழுதிவிட்டாய். தோட்டத்தில் மருந்தடித்தவர்களின் கையைப் பார்த்து வளர்ந்தவள் நீ. கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றையும் சம்பளத்துக்கு முன்னால் வாங்கிக் கொடு. தூளைத்தான் தண்ணீருக்குள் போட வேண்டும், தூளின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அமிலமும் குளோரினும் ஒரே அறையில் இருக்கக்கூடாது, இரண்டும் கலந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும். கடைக்காரன் மெதுவாகக் கரையும் மாத்திரைக் குளோரினை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல். அது புளிப்புச் சரக்கு, நம் தண்ணீருக்கு ஆகாது. தூள் அள்ளிய அகப்பையால் அதை அள்ளினாலே தீப்பிடிக்கலாம்.

நீங்களே வந்து குடியிருக்கப் போகிறீர்கள், வேலைக்கு ஆளும் இல்லை என்றால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். வீட்டை வாடகைக்கு விடும்போது எப்படியும் ஒருவர் தினமும் அங்கே இருக்கத்தானே வேண்டும்.

பூல் வேலை செய்கிற மேசன் பாஸிடம் ஒன்றை மட்டும் உடனே சொல்லிவிடு. ஃபில்டரிலிருந்து பூலுக்குத் திரும்புகிற குழாயில் ஒரு மீற்றர் அளவுக்கு நேராக, வளைவில்லாமல், சுவருக்கு வெளியே விடச் சொல். பிறகு மாப்பிள்ளைக்கு மெஷின் ஆசை வந்தால் அதில் மாட்டிக்கொள்ளலாம். அடுத்த கிழமை பம்ப் ரூமுக்குப் பூச்சு பூசுகிறாராம், அதற்கு முன்னால் பேசு.

அப்பா