சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தாய்ப்பால், தடுப்பூசி, தொப்புள் சுத்தம் என்று பலவற்றையும் அக்கறையோடு சொல்லியிருந்தது. தைராய்டு பரிசோதனையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மகப்பேறு பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்த எனக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்று தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. பெரும்பாலும் சுரப்பியே சரியாக உருவாகியிருக்காது, அல்லது கழுத்தில் தன் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. ஆனால் பிறந்த அன்று குழந்தையைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன், கருவில் தாயிடமிருந்து கிடைத்தது, சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். பிறகு வரும் அறிகுறிகளும் ஏமாற்றுபவை. குழந்தை அதிகம் தூங்கும், குறைவாக அழும், பாலுக்கு அடம்பிடிக்காது. 'சமர்த்துக் குழந்தை' என்று வீடே மகிழும். காமாலை வாரக்கணக்கில் நீடித்து, மலம் இறுகி, நாக்கு தடித்து, அழுகை கரகரக்கும் நிலை வருவதற்குள் மூளை வளர்ச்சிக்கு உரிய காலம் கைநழுவிப் போயிருக்கும். அந்த இழப்பைப் பின்னால் எந்த மருந்தாலும் முழுமையாக மீட்க முடியாது.

"நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குக் குத்த வேண்டும்?" என்று கேட்கும் பாட்டிமார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பச்சைப் பிள்ளையின் குதிகாலில் குத்துவதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்! ஆனால் தாளில் உலர்ந்த சில சொட்டு ரத்தமே இதற்குப் போதும். 1970களில் கனடாவின் கியூபெக்கில் மருத்துவர் ழான் துசோவும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் செய்து காட்டினார்கள்.

எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பிறந்தவுடன் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) அளவு இயல்பாகவே எகிறிப் பின்பு இறங்கும். முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்ல குழந்தைக்கும் குறை இருப்பதாகக் காட்டக்கூடும். 48 முதல் 72 மணி நேரம் உகந்தது. அதற்குள் வீடு திரும்புகிறவர்கள், எடுக்காமலேயே போய்விடாமல், மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கும் முதல் முடிவு சரியாக இருந்தாலும் சில வாரங்களில் இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதற்குப் பிறகு நடப்பதுதான். ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்விடும், குடும்பம் வீட்டுக்குப் போய்விடும். முடிவைச் சொல்ல அழைத்தால் எண் மாறியிருக்கும். தகவல் வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள் என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கேளுங்கள். குறை உறுதியானால் முதல் இரண்டு வாரங்களுக்குள் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். மாத்திரையைப் பொடித்து, சிறிது தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து தினம் ஒரு வேளை கொடுத்தால் போதும். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளை அதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. குழந்தை தேறிவிட்டது என்று தாங்களாகவே நிறுத்தவும் கூடாது. சிலருக்கு இது தற்காலிகக் குறையாக இருக்கலாம், ஆனால் அதை மூன்று வயதுக்குப் பிறகு மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன். கருவுற்றிருக்கும் வாசகியர் பிரசவத்துக்கு முன்பே படிக்கும்படி, விரைவில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்