வரைய என்ன இருக்கு என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

“வீடு, வேலை, பிள்ளைகள். இதில் வரைய என்னடி இருக்கு?” என்று போனில் கேட்டாய். அந்த மூன்றையும்தான் அக்கா நான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

மலை, கடல் எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அம்மாவைத் தெரியும். ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கீழுதட்டை லேசாகக் கடித்துக்கொள்வாள். மூக்கும் கண்ணும் எவ்வளவு சரியாக அமைந்தாலும், அந்த உதட்டுக் கடி வராவிட்டால் படத்தில் இருப்பது யாரோ ஒரு அம்மா. அது வந்துவிட்டால் முகத்தையே அரைகுறையாக விட்டாலும் நம் அம்மா. இதை அறிய எந்த வகுப்பும் வேண்டாம். பிறந்ததிலிருந்து நீயும் நானும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1872-ல் வரைந்த ‘தொட்டில்’ ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் நினைப்புதான். தொட்டிலில் தூங்கும் குழந்தையை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெர்த்தின் அக்கா எட்மா, குழந்தை எட்மாவின் மகள். எட்மாவும் ஓவியர்தான். அக்காவும் தங்கையும் சேர்ந்தே கற்றார்கள். 1864-ல், அந்தக் காலத்து பிரான்சின் பெரிய ஓவியக் கண்காட்சியான பாரிஸ் சலோனில் இருவர் படங்களும் இடம்பெற்றன. 1869-ல் கல்யாணம் ஆனது, அதோடு எட்மாவின் ஓவிய வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோனது. எட்மா கன்னத்தில் கை கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், இடது கை மடிந்திருக்கிறது. உற்றுப் பார், தூங்கும் குழந்தையின் கையும் அதே மாதிரி மடிந்திருக்கும். கூடப் பிறந்தவளின் கண்ணுக்குத்தான் இது அகப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1874-ல் இம்ப்ரெஷனிஸ்டுகளின், அதாவது கண்ணில் படும் ஒளியையும் நிறத்தையும் அந்தக் கணத்திலேயே பிடிக்கப் பார்த்த ஓவியர்களின், முதல் கண்காட்சியில் அந்தப் படத்தை வைத்தார்கள், விற்கவில்லை. குடும்பத்திடமே இருந்து, 1930-ல்தான் லூவ்ர் அருங்காட்சியகம் வாங்கியது. தாய்மையை வரைந்த படம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, தூரிகையைக் கீழே வைத்த பிறகும் பார்ப்பதை நிறுத்தாத ஒரு ஓவியரின் கண்.

அதனால்தான் “நீயும் வரை” என்று சொல்லாமல் உன்னை விட்டுவிட மனசு வரவில்லை.

எதுவார் வுய்யார் என்றொரு ஓவியரும் உண்டு. அவருடைய அம்மா வீட்டிலேயே தையல் தொழில் செய்தவர். 1928-ல் அம்மா இறக்கும்வரை அவரோடுதான் வாழ்ந்தார், தைத்துக்கொண்டிருக்கும் அம்மாவைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சலிக்கவில்லை பார்.

சரி, நேரம் எங்கே என்பாய். தூங்குகிறவர்களிடமிருந்து ஆரம்பி. அவர்கள் அசைய மாட்டார்கள், “எனக்கு மூக்கு இவ்வளவு பெரிசா?” என்று கேட்கவும் மாட்டார்கள். மாமா சோபாவில் கண்ணயர்ந்தால் பென்சிலை எடு. முகத்துக்குப் போகாதே, முதலில் தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மட்டும் பார். தூக்கத்தில் ஒரு ஆளின் முழு கனமும் அந்தச் சாய்வில் இருக்கும். விரல்களைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருக்காதே, கையை ஒரே வடிவமாகப் போட்டுவிடு, பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

விழித்திருப்பவர்கள் அசைவார்கள். ஆனால் வேலை செய்கிறவர்கள் அதே நிலைக்குத் திரும்பி வருவார்கள், அதுதான் நமக்கு வசதி. துணி மடிக்கிறவரைக் கவனி: குனிவது, உதறுவது, மடித்து நெஞ்சோடு அணைப்பது. ஒரே தாளில் மூன்று உருவங்களைத் தொடங்கி வை. அவர் எந்த நிலைக்கு வருகிறாரோ, அந்த உருவத்தில் இரண்டு கோடு சேர். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் போனைத் தூக்கியதுமே பிள்ளைகள் நிமிர்ந்து சிரித்துவிடுகிறார்கள், நாம் வரைய நினைத்தது போய்விடுகிறது. போட்டோவில் நிழல்கள் பெரும்பாலும் வெறும் கறுப்பாகிவிடும், கண்ணுக்கோ அதற்குள் அத்தனை நிறம் தெரியும்.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. நேற்று ஜன்னலோரம் கிடந்த வெள்ளைப் போர்வையை வாட்டர்கலரில் போட்டேன். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் மட்டும்தான் அது வெள்ளை, அங்கே வண்ணமே தொடாமல் தாளை அப்படியே விட்டேன். மடிப்புகளின் உள்ளே நீலச் சாம்பல். அல்ட்ராமரைன் என்ற அடர் நீலத்தோடு துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேர்த்தால் அந்த நிறம் வரும். சிவப்புத் தலையணை தொட்டுக்கொண்டிருந்த ஓரத்தில் போர்வையே இளஞ்சிவப்பாக இருந்தது! தினமும் மடித்து வைக்கிற போர்வை அக்கா. அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நல்ல தாள் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. சின்னவளின் பழைய நோட்டில் ஒரு பக்கம் மிச்சமிருக்கும், அது போதும். அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரில் உட்கார்ந்து கொள். குழந்தை முகம் என்பதால் கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வை, நெற்றி பெரிதாக இருக்கட்டும். கண்ணை நடுவில் வைத்தால் பெரிய மனுஷி ஆகிவிடுவாள். யோசிக்கும்போது பென்சிலைக் காதில் செருகிக்கொள்வாளே, அதை விட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. அழித்துத் திருத்தாமல் அனுப்பு, முதல் கோடுகளையும் நான் பார்க்க வேண்டும்.

உன் தங்கை