வீழ்ந்த வீரரின் படம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்கில் வெற்றி நாளான ஜூலை 26, 1971 போர் வெற்றி நாளான டிசம்பர் 16 வந்தால் ஓமலூர், ஆத்தூர், எடப்பாடிப் பக்கம் வீரமரணம் அடைந்தவர்களுக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வைப்பவர்கள் பெயர் பத்து இருக்கும். வீரரின் யூனிட், வீழ்ந்த இடம், நாள் இருக்காது. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த மன்னன் ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறு (மாட்டு மந்தை) மீட்கும்போது பட்டான் என்று நாலு வரியில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த விவரங்களைச் சொல்லக்கூடியவர்கள் கூட இருந்த சிப்பாய்கள். 1971 போரில் 20 வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதின் நடுவில் இருக்கிறார்கள். கார்கிலில் சிப்பாயாக நின்றவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டார்கள். வங்கி வாசலிலும் மில் கேட்டிலும் காவலுக்கு நிற்பவர்களில் அவர்களும் உண்டு. கேன்டீன் வரிசையிலும், ஆயுள் சான்று கொடுக்கும் நவம்பர் மாதத்திலும் விசாரித்தால் யாராவது கிடைப்பார்கள்.

தோழர்களைத் தேடுமுன் குடும்ப ஓய்வூதிய ஆணையை எடுத்து எண், ரேங்க், பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணின் முடிவில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதை விடக் கூடாது. பெயரிலும் சிக்கல் வரும். நம் ஊர் இனிஷியல் அங்கே பெயருக்குப் பின்னால் போயிருக்கும், எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். ஆணையில் உள்ளபடி ஒன்று, ஊர் அழைத்தபடி ஒன்று, இரண்டையும் குறிக்க வேண்டும். ஆவணம் கேட்டு எழுத வேண்டிய ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் பிரிவுக்குப் பிரிவு வேறு: மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் படைக்கு ஜபல்பூர்.

ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்பது பல ரெஜிமென்ட்டுகளிலிருந்து ஆட்களை எடுத்து அமைத்த படை; அதில் இருந்தவர் என்றால் அவருடைய தாய் ரெஜிமென்ட்டையும் எழுத வேண்டும். மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட்காரர். 2014-இல் ஷோபியானில் வீழ்ந்தபோது இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில். இப்படிப்பட்டவருக்கு இரண்டு யூனிட்டிலும் தோழர்கள் இருப்பார்கள். சி.ஆர்.பி.எஃப். வீரரை ராணுவம் என்று எழுதுவதும் பிழை. அது உள்துறையின் கீழ் வருவது; அவர்களுக்கான தேசியக் காவலர் நினைவகம் டெல்லி சாணக்கியபுரியில், 2018-இல் திறந்தது. ராணுவத்தாரின் பெயர்கள் இந்தியா கேட் அருகே, 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரச் சுவர்களில் இருக்கின்றன.

தோழரிடம் போனதும் "எப்படிச் செத்தார்?" என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். குரூப் போட்டோவை முன்னால் வைத்து, யார் யார் என்று கேட்க வேண்டும். பிறகு லங்கர் (படைச் சமையற்கூடம்) சாப்பாடு, பந்தாட்டம், லீவுக்குப் போகும்போது யார் பெட்டியைத் தூக்கினார்கள், இவருடைய பட்டி யார் என்று போனால் மற்றது தானாக வரும். பட்டி என்றால் காவலிலும் ரோந்திலும் கூடவே இருக்கும் ஜோடி ஆள். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனில் இவர் சொல்வதற்குத்தான் எடை அதிகம். முதலில் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் ரேங்க் பெரியவர் பேசுவார், மற்றவர் "ஆமா சாப்" என்பார். ஃபேனை அணைத்துவிட்டு போனை மார்பளவில் வைத்தால் போதும்.

நினைவு தேதிகளைக் கலக்கும். ஒரே போஸ்ட்டில் இரண்டு குளிர்காலம் இருந்தவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். ஊரார் சொல்லும் தேதி பல நேரம் உடல் வந்து சேர்ந்த நாள். முரண்பட்டால் ஆணையில் உள்ள தேதியை முதலில் போட்டு, மற்றதைக் கீழே குறியுங்கள். பழைய இன்லேண்ட் கடிதத்தில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்றிருப்பதை ஊர் என்று எண்ண வேண்டாம், அது ராணுவத் தபாலுக்கான பொது முகவரி. முத்திரையில் உள்ள எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) எண்தான் இடம் கண்டுபிடிக்க உதவும்.

1987 முதல் 1990 வரை அமைதிப் படையில் இலங்கை போனவர்களின் தோழர்கள் லேசில் வாய் திறப்பதில்லை. வீட்டாரும் அப்படியே. ஊர் வேறு பக்கம் நின்ற காலம் அது. வற்புறுத்தக் கூடாது, எழுதிக் கொடுக்கச் சொன்னால் சிலர் எழுதுவார்கள். எங்கள் கணக்கில் இதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை, சேலத்தில் யாரும் தொடாத வேலையும் இதுதான்.

உடல் இருந்த நிலை பற்றித் தோழர் சொல்வதை வீட்டாரைக் கேட்காமல் வெளியிடக் கூடாது. அண்மைக்கால நடவடிக்கை என்றால் யூனிட் இப்போது நிற்கும் இடம், ஆள் எண்ணிக்கை, ஆயுத விவரம் எதையும் அச்சிடக் கூடாது. போட்டோவை லேமினேட் செய்யாதீர்கள், ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். இரு பக்கமும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயர் எழுதினால் போதும். ஒரு படி வீட்டுக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று யூனிட்டுக்கு. யூனிட்டில் இருப்பது பெரும்பாலும் அடையாள அட்டைப் படம்தான், இதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் வாங்கும்போது யூனிட், வீழ்ந்த தேதி இரண்டையும் படிவத்தில் கட்டாயமாகக் கேட்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்