வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மாதம் தவறாமல் வரும் நண்பர்களுக்கும், ஆண்டுக் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் முதல் ஞாயிறு மாலை, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உறுப்பினர் ஒருவர் வீட்டு மாடியில் நடந்தன. மே மாதம் பாதிப்பேர் ஊரில் இல்லை. நேரத்துக்குத் தொடங்குவது என்ற சென்ற ஆண்டுத் தீர்மானம் இந்த ஆண்டும் தீர்மானமாகவே இருக்கிறது. புத்தகம் வாங்கிய செலவைக் கூட்டத்தில் தின்னும் தட்டுவடை செட்டுச் செலவு தாண்டிவிட்டது என்று பொருளாளர் குறைப்பட்டுக்கொண்டு, வரவு செலவில் அதைத் தனி வரியாகவே காட்டியிருக்கிறார். வேறு விசேஷம் இல்லை.

ஆண்டின் பெரிய நிகழ்ச்சி ஏற்காட்டில் நாவலாசிரியரோடு நடந்த கலந்துரையாடல்தான். அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே எடுத்துக்கொள்கிறேன். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கு வைத்திருந்தோம். அன்று ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையைப் பற்றி வந்த செய்திகளைப் பார்த்துத் தள்ளிவைத்தோம். ஜனவரிக் கடைசியில் வேன் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, உறுப்பினர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மர நிழலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். பணத்தைப் பற்றியும் பதிப்பகங்களைப் பற்றியும் ஒளிக்காமல் பேசப்போவதால் தன் பெயர் அறிக்கையில் வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை வைத்து எழுதியவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுதுவது எப்படி என்ற கேள்விக்குப் பெரிய தத்துவம் எதுவும் அவர் சொல்லவில்லை. வேலை ஈரோட்டில். தினமும் ரயில். இரண்டாவது நாவல் முழுவதையும் அந்த ரயிலில் போனிலேயே தட்டச்சு செய்திருக்கிறார். மகுடஞ்சாவடி வரை நின்றுகொண்டே. முதல் வரைவைப் படித்த தோழி சொன்னாராம்: “ஏன்டி, எல்லா அத்தியாயமும் ஒரே நீளமா இருக்கு? ஈரோடு வந்ததும் கதையை நிறுத்திடறியா?” அதன்பிறகு அத்தியாயங்களை உடைத்துச் சேர்ப்பதிலேயே ஓர் ஆண்டு போயிருக்கிறது.

திருத்தம் பார்த்த தாள்கட்டையும் கொண்டு வந்திருந்தார். வெள்ளி உருக்குவது, கம்பி இழுப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது என்று பட்டறை வேலையை வரிசையாக விவரித்த இரண்டு பக்கங்களின் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் தோழியின் கையெழுத்தில், “இது தகவல். கதை எங்கே?” அச்சில் வந்த புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் இல்லை, பற்றவைக்கும்போது ஊதுகுழல் நுனியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்துபோன ஒரு பெரியவரின் முன்பல் மட்டும் இருக்கிறது. கல்லூரி மாணவரான நம் இளைய உறுப்பினர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடித்த வரிகளையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார். தமிழில் பெரும்பாலான பதிப்பகங்களில் எழுத்துப்பிழை பார்க்க ஆள் இருக்கிறார், எடிட்டர் இல்லை, அந்த வேலையை நண்பர்கள்தான் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள் என்றார் ஆசிரியர்.

உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் அடுத்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஏம்மா, புத்தகத்துக்கு 300 ரூபா போடறாங்களே, அதுல உனக்கு என்ன வரும்?”

“வழக்கமான ராயல்டி 10 சதவீதங்க ஐயா. ஒரு பிரதிக்கு 30 ரூபா. முந்நூறு பிரதி வித்தா 9,000.”

“ரெண்டு வருச உழைப்புக்கா?”

“பதிப்பகம் கணக்கு கொடுத்தாத்தான் அதுவும்.”

ஒரு காலத்தில் 1,000, 1,200 பிரதிகள் அச்சடிப்பார்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபின் நூறு, இருநூறு என்று போடுகிறார்கள். 1948 நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் கட்டுகிறோம் என்று ஆசிரியர் சொன்னதும், மாநகராட்சியைத் திட்டாத நாளே இல்லாத நம் தலைவர் மறுநாளே ரசீதை எடுத்துப் பார்த்திருக்கிறார். இருக்கிறதாம்.

எழுதும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது ஒப்பந்தம் பற்றி அவர் சொன்னது. முதல் நாவலுக்கு எழுத்தில் எதுவுமே போடவில்லையாம். பதிவு செய்யாவிட்டாலும் காப்புரிமை எழுதியவருடையதுதான். அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உண்டு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால், 1957 காப்புரிமைச் சட்டப்படி அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடுக்காதீர்கள் என்றார். தாங்களே புத்தகம் போட நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை.

சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில் உறுப்பினர் ஒருவர் உருகிப்போய், “மேடம், உங்க முதல் நாவலை பிடிஎஃப்ல ரெண்டு தடவை படிச்சுட்டேன்” என்றார். நான் தரையைப் பார்த்தேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “எனக்கும் அனுப்பி வைங்க, என்கிட்டயே பிரதி இல்லை” என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தப் புத்தகம் அச்சில் இல்லை. பதிப்பகத்துக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை.

இறங்கும்போது வேனில் இதே பேச்சுதான். எழுத்தாளரைக் கூப்பிட்டுச் சால்வை போடுகிறோம், அவர் புத்தகத்தை மட்டும் சும்மா படிக்கிறோம் என்பது எனக்குச் சரியாகப்படவில்லை. செயற்குழுவும் ஏற்றுக்கொண்டு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. அச்சில் இருக்கும் எந்தப் புத்தகத்தின் பிடிஎஃப்பும் இனி நம் வாட்ஸ்அப் குழுவில் வரக்கூடாது. அந்தந்த மாத நூலுக்கு உறுப்பினர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கி, பதிப்பகத்துக்கு மொத்தமாக ஆர்டர் கொடுப்போம். வாங்க வசதிப்படாதவர்களுக்கு வட்டத்தின் பிரதி உண்டு. யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்ற பேச்சு கூட்டத்தில் வராது. ஆசிரியர் தன் முதல் நாவலை மறுபதிப்புச் செய்ய வேறொரு பதிப்பகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்; எத்தனை பிரதி எடுப்போம் என்று நம்மிடம் கேட்டிருக்கிறார். பட்டியல் இன்று வாசலருகே மேசையில் இருக்கிறது.

தோட்டத்தைக் கொடுத்து, சாப்பாடும் போட்ட உறுப்பினர் குடும்பத்துக்கு நன்றி. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அவர் எழுந்திருக்கும் முன் கட்டிவிட்டால், பெயர் வாசிக்கப்படாது.

இப்படிக்கு,
செயலாளர்