ஜப்பானில் விமானிகள் ஜக்கெட் வாங்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பானுக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து கேட்டனுப்பும் சாமான்களில் இப்போது விமானிகள் ஜக்கெட்டும் (அமெரிக்கப் படை விமானிகள் அணிந்த பாணியிலானது) சேர்ந்துவிட்டது. கைப்பேசியில் பார்த்த படத்தை நம்பிப் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். ஊருக்கு வந்த ஜக்கெட்டில் ஒரு மாரி கழிவதற்குள் பூஞ்சணம் படர்கிறது. காசு கொடுக்க முன்னர் பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்வோர் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜப்பானியக் கடைகளில் ஒரே தோற்றத்தில் மூன்று வகைப் பொருள் தொங்கும். ஒன்று, அமெரிக்கப் படையினருக்கு உண்மையில் வழங்கப்பட்ட பழையது. இரண்டாவது, பழையதைப் பிரித்துப் பார்த்து நூல், சிப், துணி வரை அப்படியே மீளச் செய்தது. ரியல் மெக்கோய்ஸ், 1993இல் தொடங்கிய பஸ் ரிக்ஸன்ஸ் போன்ற ஜப்பானியப் பெயர்கள் இந்த வகைக்குத்தான் புகழ்பெற்றவை. மூன்றாவது, தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்ட சாதாரண உடுப்பு. விலைச் சீட்டில் ‘ஜிட்சுபுட்சு’ என்றிருந்தால் படையில் வழங்கியது என்று கடைக்காரர் சொல்கிறார். ‘ஃபுக்கோக்கு’ அல்லது ‘ரெப்புரிக்கா’ என்றால் மீளச் செய்தது. கடைக்குள் நுழைய முன்னரே எந்த வகை வேண்டும் என்று முடிவெடுங்கள். அங்கே நின்று யோசித்தால் பழையதின் கவர்ச்சி எப்போதும் வென்றுவிடும்.

என் அபிப்பிராயம் இதுதான்: ஊருக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள நினைப்பவர் பழைய தோல் ஜக்கெட்டைத் தொடவே வேண்டாம். மீளச் செய்த நைலோன் ஜக்கெட் வாங்குங்கள், அதிலும் மெல்லியதாகப் பாருங்கள்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ-2 என்பது 1931இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு ஏற்றுக்கொண்ட தோல் ஜக்கெட். பெரும்பாலும் குதிரைத் தோல், ஆட்டுத் தோலிலும் உண்டு. ஜி-1 கடற்படையுடையது, ஆட்டுத் தோலும் உரோமக் கொலரும் கொண்டது. எம்.ஏ-1க்கு முந்திய பி-15க்கும் உரோமக் கொலர்தான். பரசூட் பட்டிகளோடு அந்த உரோமம் இடைஞ்சலாக இருந்ததால் 1950களில் வந்த நைலோன் ஜக்கெட்டான எம்.ஏ-1இல் அதை எடுத்துவிட்டுப் பின்னல் கொலர் வைத்தார்கள். எம்.ஏ-1இன் மெல்லிய உறவு எல்-2பி: அதே பச்சை நைலோன், ஆனால் உள்ளே நிரப்பு இல்லை. என்-3பி தலைமூடியில் உரோமம் வைத்த பனிநாட்டு அங்கி. நமக்கு அது தேவையே இல்லை.

இனிப் பழையதைச் சோதிக்கும் விதம். லேபலை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். மீளச் செய்பவர்கள் முதலில் நகலெடுப்பதே லேபலைத்தான். ஆனால் ஜப்பானில் புதிதாக விற்கும் உடுப்பில் துணியின் சேர்க்கை வீதமும் கழுவும் முறையும் அச்சிட்ட சிறு துண்டு இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். உள்பக்க விலாத் தையலிலும் உள் பொக்கட்டிலும் விரலை விட்டுத் தேடுங்கள். அந்தத் துண்டு இருந்தாலோ, அதை வெட்டி எடுத்த அடி மட்டும் தையலுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ அது பழையது அல்ல.

எம்.ஏ-1 என்றால் இன்னும் இரண்டு அடையாளங்கள். செம்மஞ்சள் உள்துணி 1960 அளவில்தான் வந்தது. விழுந்த விமானி ஜக்கெட்டைத் திருப்பிப் போட்டால் தேடுபவர்களின் கண்ணில் படுவதற்காக. ஆகவே செம்மஞ்சள் உள்துணியோடு ‘1950களின் ஆரம்பம்’ என்று யாராவது விற்றால் கணக்கு ஒத்துவராது. லேபலில் ஒப்பந்த எண் ‘டி.எஸ்.ஏ.’ என்று தொடங்கினால் 1961இல் அமெரிக்கப் பாதுகாப்பு வழங்கல் முகவரகம் அமைந்ததற்குப் பிந்தியது. ‘டி.எல்.ஏ.’ என்றால் 1977இல் அதன் பெயர் மாறிய பிறகு. நைலோனின் நிறத்தைப் பொக்கட் மூடியைத் தூக்கி, அதன் கீழுள்ள இடத்தோடு ஒப்பிடுங்கள். பல வருடம் வெயில் கண்டதென்றால் மூடிக்குக் கீழே பச்சை ஆழமாகவும் தோளில் வெளிறியும் இருக்கும். எல்லா இடமும் ஒரே அளவாக வெளிறியிருந்தால் அது பட்டறையில் வெளுத்ததாக இருக்கலாம்.

தோலில் பிழை ஒளிந்திருக்கும் இடம் அக்குள். கையைத் தூக்கிப் பிடித்து, அக்குள் மடிப்பை மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலே மட்டும் ரேகை ஓடினால் பரவாயில்லை. வெடிப்பின் அடியில் நார் தெரிந்தால் வைத்துவிடுங்கள். வெள்ளைத் துணியால் உள்பக்கத் தோலைத் தேய்க்கும்போது செங்கபிலத் தூள் ஒட்டினால் தோல் உள்ளே உக்கிவிட்டது. அதற்கு எண்ணெயும் இல்லை, மருந்தும் இல்லை. மறுபடி சாயம் ஏற்றியதைத் தையல் காட்டிக்கொடுக்கும்: நூல், லேபலின் ஓரம், கம்பளிப் பின்னல் தோலைத் தொடும் வரி எல்லாம் ஒரே கபில நிறமாக இருக்கும். முதுகில் படம் வரைந்த ஏ-2க்கு விலை பல மடங்கு. படத்தின் மீது வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடியுங்கள். தோலோடு சேர்ந்து வண்ணமும் வெடித்திருந்தால் பழைய படம். வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் வழிந்து நிரம்பியிருந்தால் பின்னாளில் யாரோ வரைந்தது.

சிப்பில் முதலில் கெடுவது பல் அல்ல, கீழ் முனை. ஒரு பக்கத்து அடியிலுள்ள சிறு பெட்டிக்குள் செருகும் மறுபக்கத்து ஊசியைப் பிடித்திருக்கும் நாடா நைந்து கிழியும். போட்டுப் பார்க்கும்போது ஊசியை அடிவரை இறக்கி, கீழ் முனையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ரன்னரை மேலே இழுக்க வேண்டும். பாதி செருகி இழுத்தால் கடையிலேயே கிழியும், அதற்குக் காசு கேட்பார்கள். பழைய சிப்பை இங்கே கழற்றிப் புதியது போடலாம், ஆனால் மீள விற்கும் பெறுமதி அன்றோடு போய்விடும். கழுத்து, மணிக்கட்டு, இடுப்புப் பின்னல்களில் பூச்சி அரித்த ஓட்டையைத் தேடும்போது இழுத்து விரித்துப் பாருங்கள், தளர்ந்திருக்கையில் தெரியாது.

அளவில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். லேபலிலுள்ள 38, 40 என்ற எண்ணையோ எம், எல் என்ற எழுத்தையோ நம்பாதீர்கள். ஜப்பானியக் கடைகள் ஜக்கெட்டை மேசையில் விரித்து அளந்த சென்ரிமீற்றரை எழுதிவைப்பார்கள்: தோள் அகலம், அக்குளிலிருந்து அக்குள் வரை, முதுகு நீளம், கை நீளம். அக்குள் அளவை இரண்டால் பெருக்கி, உங்கள் மார்புச் சுற்றளவோடு ஒப்பிடுங்கள். ஏ-2க்கு 10 முதல் 12 சென்ரிமீற்றர் மேலதிகம் போதும். நிரப்பு உள்ள எம்.ஏ-1க்கு 15க்குக் குறையக்கூடாது. மார்பு 96 என்றால் ஏ-2 விரித்த நிலையில் 53 அல்லது 54 இருக்க வேண்டும். இவை இடுப்போடு நிற்கும் உடுப்புகள். நீளம் போதவில்லை என்று ஓரளவு பெரியதை எடுத்தால் தோள் இறங்கி, கை விரலை மூடும்.

தேடுமிடம் டோக்கியோவில் உயெனோ, ஒக்காச்சிமாச்சி ரயில் நிலையங்களுக்கு இடையிலுள்ள அமெயோகோ சந்தை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்துக் கறுப்புச் சந்தையாக வளர்ந்த இடம் அது. படை உடுப்புக்குப் பெயர்போன நக்காத்தா ஷோத்தென் கடை அங்கேதான் இருக்கிறது. பழைய உடுப்புக் கடைகளுக்குக் கோயென்ஜி, ஷிமோகிட்டசாவா, ஒசாகாவில் அமெரிக்கமுரா. அமெரிக்கப் படைத் தளங்களை ஒட்டிய யோகோசுகா, ஃபுஸ்ஸா ஆகியவற்றிலும் பார்க்கலாம். மீளச் செய்த நல்ல ஜக்கெட்டைப் புதிதாக வாங்கினால் எம்.ஏ-1க்குப் பல பத்தாயிரம் யென், குதிரைத் தோல் ஏ-2க்கு ஒரு இலட்சம் யென்னுக்கு மேல். கையிருப்புக் குறைவானவர்கள் நாடு முழுவதும் கிளை வைத்திருக்கும் பழைய பொருள் கடைகளில் அதே பெயர்களைத் தேடுவதே புத்தி. பேரம் பேசுவது அங்கே வழக்கமில்லை. போட்டுப் பார்க்க முன் கேட்க வேண்டும்.

நம் ஊரிலிருந்து சிலர், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த ஜப்பானிய விமானிகள் அணிந்த ஜக்கெட் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அவர்கள் அணிந்தது பெரும்பாலும் உடல் முழுவதையும் மூடும் பறப்பு உடுப்பு. கடைகளை நிறைத்திருப்பது அமெரிக்க ஜக்கெட்டுகள். அப்படி ஒன்றை யாராவது நீட்டினால், கதைக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

ஊரில் பராமரிப்பதுதான் பெரிய சவால். கார்த்திகை முதல் தை வரை வாவிக் காற்றின் ஈரத்தில் அலுமாரிக்குள் இருக்கும் தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பழைய பருத்திச் சேலையால் மூடி, அகலமான மர ஹேங்கரில், சுவரில் முட்டாமல் தொங்கவிடுங்கள். சிலிக்கா ஜெல் பைகள் ஈரம் குடித்ததும் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள்: தோல் கறுத்துப் பிசுபிசுக்கும், சிக்கு வாடை எடுக்கும், பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. நைலோன் ஜக்கெட்டைக் குளிர்ந்த நீரில் கையால் கழுவலாம். சுடுநீர் பட்டால் கம்பளிப் பின்னல் சுருங்கும், ஸ்திரிப்பெட்டி பட்டால் நைலோன் உருகும். மோட்டார் சைக்கிளில் போட்டு ஓடுபவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: விழுந்து தாரில் உரசினால் நைலோன் சூட்டில் உருகி உடம்புத் தோலோடு ஒட்டும். அது பாதுகாப்பு உடுப்பு அல்ல.

வரி பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானின் நுகர்வு வரி 10 வீதம். அங்கே வேலை செய்பவர்களுக்கும், ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருப்பவர்களுக்கும் அந்த வரி விலக்கு இல்லை. சுற்றுலாவாகப் போகும் உறவினருக்கு ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் உண்டு. 2026 நவம்பர் 1 முதல் வரியோடு செலுத்திவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்கம் பொருளைப் பார்த்த பின் திருப்பிப் பெறும் முறை. ஆகவே ஜக்கெட்டைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டாதீர்கள்.

உருமறைப்புத் துணியில் தைத்த எதையும் இலங்கைக்குக் கொண்டுவர வேண்டாம். வெறும் பச்சை நைலோன் வேறு, படைச் சீருடைத் துணி வேறு. நம் பகுதியில் அதன் விளைவை விளக்கத் தேவையில்லை. பதவிப் பட்டை தைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இன்னொன்று: ஒன்று இரண்டு உங்களுக்கும் வீட்டாருக்கும் வாங்குவது வேறு, பழையதை வாங்கி இலாபத்துக்கு விற்பதைத் தொழிலாகச் செய்வது வேறு. ஜப்பானில் பின்னதற்குக் காவல்துறை வழியாகப் பழைய பொருள் வியாபார அனுமதி எடுக்க வேண்டும். வதிவிட அனுமதிக்குப் புறம்பான வருமானம் என்று கண்டால் விசாவையே இழக்க நேரிடும். ஊரிலிருந்து பத்துப் பேருக்கு எடுத்துத் தரச் சொல்லி பிள்ளைகளை நெருக்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.