பரோசா பயணம்: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

வணக்கம் சிங்கப்பூர் உணவக உறுப்பினர்களே. ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான பரோசாவுக்கு ஒயின் சுவைக்கப் போகிறோம். அடிலெய்டில் இறங்கியதும் வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். ரத்தத்தில் மது அளவு அங்கே 0.05 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதனால் நம் உணவகக்காரர் யாரும் வண்டி ஓட்ட வேண்டாம்.

காலணியைத் துலக்கிக் கொண்டுவாருங்கள். திராட்சை வேரின் சாற்றை உறிஞ்சும் ஃபிலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்னும் நுழையவில்லை. அதனால்தான் 1840களில் நட்ட கொடிகள்கூட அங்கே காய்க்கின்றன. ஒட்டிய மண்ணிலேயே பூச்சி வந்துவிடும். கேட்காமல் கொடிவரிசைக்குள் இறங்காதீர்கள்.

சுவைக்கும் நாளில் அத்தர், மல்லிகைச் சரம் வேண்டாம், வாசனை தெரியாது. வெள்ளை ஒயின் முதலில், சிவப்பு பிறகு. துப்பிவிடுங்கள், வெட்கம் எதற்கு? விழுங்கினால் நாலாவது இடத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்!

பரோசா என்றாலே ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின்தான். ஆனால் மீன்தலைக் கறியோடு அது ஒத்துவராது. துவர்ப்பும் 14, 15 சதவீத ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். ஆட்டுக்கறி வறுவலுக்கு எடுங்கள். புளிக்குழம்புக்குப் பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். பெரும்பாலும் இனிப்பில்லாமல்தான் செய்கிறார்கள், லேசான இனிப்புள்ளது இருக்கிறதா என்று கேளுங்கள்.

திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் வரியின்றி ஒயின் மட்டும் என்றால் ஆளுக்கு 2 லிட்டர், சொந்தக் குடிப்புக்கு மட்டும். கடையில் விற்கப் பெட்டியில் திணிக்காதீர்கள். அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். தீர்வை, ஒயினில் உள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி: 14 சதவீத 750 மில்லி போத்தலுக்கு 9.24 வெள்ளி, மேல் ஜிஎஸ்டி. பட்டியல் விலை போடும்போது இதை மறந்துதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.